ஆக்கலும் காத்தலும்

ஒரு பொருளை ஆக்குதல் ஒன்று. ஆக்கிய பொருளை நெடுநாள் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறு திறன்கள் என்பதை உழவரும் அறிவர், கொத்தரும் அறிவர். கிணறு வெட்டினவன் பெயரை ஊரார் பல தலைமுறை சொல்லுவர். ஆண்டுதோறும் அதனைத் தூர்வாருகிறவன் பெயரை ஒருவரும் வினவுவதில்லை. எனினும், அந்நீரைப் பருகுவோர் இருவர்க்கும் கடன்பட்டவரே ஆவர். கணினித் துறையிலும் இவ்வேற்றுமை உண்டு. ஆங்கு இது பெரும்பாலும் ஒரே வினாவின் வடிவில் எழுகின்றது. வழங்கியில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமாயின், அதன் மூல நிரலைக் கொணர்ந்து நாமே ஆக்கிக்கொள்வதா, அன்றி ஆயத்தமாய்க் கிடைக்கும் பொதியை எடுத்து வைப்பதா என்பதே அவ்வினா. கணினிக்கூடத்தில் வழங்கிகளைப் பேணும் பணியில் சில ஆண்டுகள் பழகிய நம்மை மாணவர் பலர் இதனைக் கேட்டிருக்கின்றனர். அவர்கட்கு நின்றவாறே கூறிய விடைகளை இங்கு அமர்ந்து சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

கணினிப் பாடம் பயிலாத நண்பர்களின் பொருட்டு இரண்டொரு சொற்களை முதற்கண் விளக்குதல் நலம். வழங்கி என்பது பிற கணினிகள் கேட்பதை ஓயாது எடுத்து வழங்கும் கணினி. நூல்நிலையத்துப் பட்டியலை வீட்டிலிருந்தே பார்க்கின்றீர்களாயின், எங்கேயோ ஒரு வழங்கி உங்கட்கு ஏவல் செய்கின்றது. அதில் இயங்கும் மென்பொருளை மனிதர் ஒரு மொழியில் எழுதுகின்றனர். அவ்வெழுத்துவடிவே மூல நிரல். அது கணினிக்கு நேரே விளங்குவதன்று. ஆதலின் தொகுப்பி என்னும் கருவி அதனை இயந்திர மொழியாக மாற்றித் தருதல் வேண்டும். மூல நிரலிலிருந்து நிறுவுவோர், நிரலாசிரியர் வெளியிட்ட கட்டினை இறக்கிப் பிரிக்கின்றனர். ‘கான்பிகர்’ என்னும் ஆணையால் தம் கணினியின் இயல்பினை ஆராயச் செய்கின்றனர். ‘மேக்’ என்னும் ஆணையால் நிரலைத் தொகுப்பிக்கின்றனர். ‘மேக் இன்ஸ்டால்’ என்பதனால் விளைந்த கோப்புகளை உரிய இடங்களில் வைக்கின்றனர். ‘மேக்’ என்பது 1976-ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் ஆக்கியது. ‘கான்பிகர்’ ஏடுகளைத் தானே எழுதித்தரும் ‘ஆட்டோகான்ஃப்’ 1991-இல் டேவிட் மெக்கென்சி என்பாரால் தோன்றியது.

மற்றை வழி பொதிமுறை. இயங்குதளத்தைத் தொகுத்து வெளியிடும் கூட்டத்தார், ஒவ்வொரு மென்பொருளையும் தாமே தொகுப்பித்து, அதற்குத் துணையாக வேண்டுவன இவையிவை எனக் குறித்து, கோப்புகளின் பட்டியலோடு ஒரு பொதியாகக் கட்டி வைக்கின்றனர். 1993-இல் ஈயன் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கிய டெபியன் என்னும் திட்டம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1999-இல் வெளிவந்த அதன் 2.1 பதிப்போடு ‘ஆப்ட்’ என்னும் கருவி வழக்கிற்கு வந்தது. ஒரு பொதியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், அதற்கு வேண்டிய துணைப்பொதிகளையும் வலைவழியே தேடிக் கொணர்ந்து நிறுவுவது அக்கருவியின் தொழில். 2023-இல் வந்த டெபியன் 12-இல் இத்தகைய பொதிகள் 64,000-க்கு மேற்பட்டன. எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்பதைக் கணினி தன் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளுகின்றது. நெல்லை வாங்கி அவித்து உலர்த்தி வீட்டிலேயே குத்திக்கொள்வது முன்னையது போலும். மண்டியில் மூட்டையாக அரிசி வாங்குவது பின்னையது போலும்.

மூல நிரலிலிருந்து ஆக்கும் வழியில் நமக்குள்ள பற்றினை மறைக்கமாட்டோம். ஆணையிட்டபின் திரையில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விரைந்தோடுவதும், ஏதோ ஒரு துணைநிரல் இல்லையென்று பாதிவழியில் நின்றுவிடுவதும், அதனைத் தேடி வைத்து மீண்டும் முயல்வதும், இறுதியில் நாம் ஆக்கிய வழங்கி முதல் பக்கத்தை எடுத்து நீட்டுவதும் தரும் இன்பம் தனி. வெறும் இன்பம் மட்டுமன்று, அதில் கல்வியும் உண்டு. ஒரு வலைவழங்கிக்குள் மறைமொழித் தொகுதி ஒன்றும், சுருக்கும் தொகுதி ஒன்றும், சொற்கோவையை ஆராயும் தொகுதி ஒன்றும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பாடநூல் கூறலாம். ஆயினும் அவற்றுள் ஒன்று இன்மையால் தொகுப்பு நின்றுபோனதைக் கண்ட மாணவன் அதனை ஆயுள் முழுதும் மறவான்.

மூல நிரலைத் திறந்து திருத்தும் உரிமையும் பழக்கமும் இல்லாதிருந்தால், இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுட் பல தோன்றியே இரா. அப்பாச்சி என்னும் வலைவழங்கியின் வரலாற்றை நோக்குக. அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தார் வெளியிட்ட வழங்கி நிரல் 1994-இன் பிற்பகுதியில் பேணுவாரின்றித் தேங்கியது. அதனைத் தத்தம் கணினிகளில் இயக்கிவந்தோர், தாம் தாம் செய்த திருத்தங்களைத் தம்முட் பரிமாறி, 1995-இல் ஒன்றுகூடி அப்பாச்சியை வெளியிட்டனர். இன்னொரு காரணமும் உண்டு. என்ஜின்எக்ஸ் என்னும் வழங்கியில், 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1.9.11 பதிப்பு வரும்வரை, புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டுமாயின் முழு நிரலையும் மீண்டும் தொகுப்பித்தலன்றி வேறு வழியில்லை. ஆகவே, மூல நிரலை நாடுவோரை வீண் உழைப்பாளிகள் என இகழ்தல் அறியாமையாம்.

நிற்க. நிறுவுதல் ஒரு நாட் செயல். அந்நாளுக்குப்பின் வரும் ஆயிரம் நாட்களில் அதனைக் காப்பவர் யார் என்னும் வினாவே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்திற் செல்லும் செய்திகளை மறைமொழியாக்கும் தொகுதி. 2012-இல் வந்த அதன் 1.0.1 பதிப்பிற் புகுந்த இப்பிழையினால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் அளவு வரை அயலார் எடுத்துக்கொள்ள இயன்றது. அதில் கடவுச்சொல் இருக்கலாம்; மறைமொழியின் திறவுகோலே இருக்கலாம். எடுத்தவன் சுவடும் எஞ்சாது. திருத்திய பதிப்பு அன்றே வெளிவந்தது. டெபியன் தொகுப்பாளரும் தம் பொதியை உடனே திருத்தி வெளியிட்டனர். பொதிமுறையில் நிறுவியிருந்தோர் இரண்டொரு ஆணையிட்டு, வழங்கியை மறுபடி இயக்கி, திறவுகோல்களையும் மாற்றிவிட்டு உறங்கச் சென்றனர்.

அக்காலத்தில் நாம் அறிந்த ஒரு நிறுவனத்தில் நிகழ்ந்தது வேறு. ஆங்கே மாணவர் தம் பெயரும் மதிப்பெண்ணும் பார்க்கும் வழங்கி ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் மூல நிரலிலிருந்து வெகு நேர்த்தியாக ஆக்கி வைத்திருந்தார். அவர் வேலை பெற்று வெளிநாடு சென்றுவிட்டார். எந்தத் தெரிவுகளோடு அதனைத் தொகுப்பித்தார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. உதவிக்கு அழைக்கப்பட்டுச் சென்ற நாம் கண்டது இது. இயங்குதளத்தின் பொதியிலுள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் ஒழுங்காகத் திருந்தியிருந்தது. திருந்தியதென்று கணினியும் சான்று கூறிற்று. ஆனால் இயங்கிக்கொண்டிருந்த வழங்கியோ அதனைத் தொட்டதே இல்லை. அந்நாளைய ஓப்பன்எஸ்எஸ்எல்லை மூல நிரலிலிருந்து ஆக்கினால், வேறு கட்டளை இல்லாதவிடத்து, அது பிற நிரலினுள் முழுதும் கரைந்து சேரும் வடிவிலேயே அமையும். இங்கும் அவ்வாறே பிழையுள்ள பதிப்பு வழங்கியின் உடலுக்குள் கலந்து கிடந்தது. கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டியாயிற்று. கள்வனோ கொல்லைப்புறத்துச் சுவர்வழி வருகின்றான். இரண்டு இரவு விழித்திருந்து அதனைப் புதிதாக அமைத்தோம். அதற்குள் எவர் கடவுச்சொல் எவர் கைக்குச் சென்றது என்பதை இன்றளவும் எவராலும் சொல்ல இயலாது. அவ்விளைஞரின் திறமையில் நாம் குறை காணவில்லை. அவர் ஆக்கினார், காப்பதற்கு ஒருவரும் இல்லை. அவ்வளவே.

இச்செய்தி கல்லூரிகட்கு ஏனைய இடங்களைக் காட்டிலும் மிகுதியாகப் பொருந்துவது. ஒரு வாணிகக் கழகத்தில் ஒருவர் இருபதாண்டு ஒரே இருக்கையில் இருத்தல் கூடும். கல்லூரியிலோ, ஆர்வமும் ஆற்றலும் மிக்க மாணவர் மூன்றாண்டில் வந்து போய்விடுகின்றனர். மூன்றாமாண்டு மாணவர் ஆக்கியதை முதலாமாண்டு மாணவர் ஏற்றுக் காக்கும் நிலை நமக்கு எஞ்ஞான்றும் உளது. நம் இடத்தில் அறிவு தங்குவதினும் கடந்து செல்வதே மிகுதி. ஆதலின், ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவின்மேல் பொதுப்பணி ஒன்றை நிறுவுதல், ஆற்றுமணலில் தூண் நாட்டுவதை ஒக்கும்.

பொதி கட்டுவோர் மட்டும் பிழை செய்யாதவரோ என்று கேட்பீர்களாயின், அக்கேள்வி மிகவும் நேர்மையானதே. 2006-ஆம் ஆண்டு டெபியன் தொகுப்பாளர், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று குறைகூறியதைக் கண்டு, அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சிறிது நிரலை நீக்கினர். அதனால், திறவுகோல் ஆக்குதற்கு வேண்டிய தற்செயல் எண்களின் ஊற்று ஏறத்தாழ வற்றிப்போயிற்று. எண்ணிறந்தனவாய் இருத்தற்குரிய திறவுகோல்கள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும் 32,767 என்னும் சிறு தொகைக்குள் அடங்கிவிட்டன. இதனை லூசியானோ பெல்லோ என்பார் கண்டறிய, 2008-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அறிவிப்பு வந்தது. மூல நிரலிலிருந்து தாமே ஆக்கிக்கொண்டவர் இக்கேட்டினின்றும் தப்பினர். பொதியை நம்பினவரே அகப்பட்டனர்.

அங்ஙனமாயின் மூல நிரலே தூயது எனலாமோ? அதுவும் இயலாது. 1983-ஆம் ஆண்டிற்குரிய டியூரிங் பரிசைப் பெற்ற கென் தாம்சன், 1984-இல் வெளியான தம் பேருரையில், தொகுப்பியையே கெடுத்துவிட்டால் மூல நிரலில் சிறிதும் தோன்றாத தீங்கினை இயந்திர மொழியில் மறைக்கலாம் என விளக்கிக் காட்டினார். நாற்பதாண்டு கழித்து 2024-இல் அதற்குக் கிட்டிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் மென்பொருளைப் பேணுவதில் உதவிவந்த ஒருவர், ஈராண்டுக்கு மேல் நல்லவர் போலப் பணிசெய்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் நஞ்சு கலந்தார். அந்நஞ்சினை முடுக்கிவிடும் வரிகள் யாவரும் காணும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. இறக்கிக்கொள்ளும் கட்டினுள் மட்டும் இருந்தன. ஆகவே, களஞ்சியத்தை வரிக்கு வரி படித்துப் பார்த்தவரும் அவ்வரிகளைக் கண்டிரார். தொகுப்பாளர் பக்கமும் குற்றமற்றதன்று. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழங்கிக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரான தொடர்பே கிடையாது. சில தொகுப்பாளர் தாமாகச் சேர்த்த ஒரு திருத்தத்தின் வழியேதான் அந்நஞ்சு ஆங்குப் பாய வாய்ப்பு உண்டாயிற்று.

இதனைக் கண்டுபிடித்தவர் யார்? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஆக்குவோருள் ஒருவராகிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். எஸ்எஸ்எச் வழியே நுழைய அரை நொடியளவு காலம் மிகுவதைக் கண்டு, பிறர் பொருட்படுத்தாது விட்டிருக்கக்கூடிய அத்தாழ்வினை அவர் விடாது துருவினார். 2024-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் அவர் எழுதிய எச்சரிக்கையால், டெபியனின் நிலைத்த பதிப்பை எட்டுமுன்னரே அந்நஞ்சு அகற்றப்பட்டது. இங்கே உலகைக் காத்தது மூல நிரல் என்னும் முறையுமன்று, பொதி என்னும் முறையுமன்று. தன் பொறுப்பிலுள்ள பொருளைக் கண்ணுங்கருத்துமாய் நோக்கிய ஒரு மனிதனின் கவனமே காத்தது.

ஆதலின் பொதிமுறையை நாம் போற்றுவது அது பிழையற்றது என்பதற்காக அன்று. பிழை வந்தவழி, அதனை யார் திருத்துவார், திருத்தம் எவ்வழியே வரும், யார் யார் கணினியில் அப்பிழை உளது என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை உண்டு என்பதற்காகவே. 2008-இல் டெபியன் செய்த பிழை பெரிது. ஆயினும் அதனை அறிவித்த அன்றே திருத்திய பொதியும், கெட்ட திறவுகோல்களை இனங்காணும் கருவியும் பொதுவில் வைக்கப்பட்டன. பழைய பதிப்பு என்று சிலர் எள்ளும் பொதிகளின் உள்ளியல்பும் இதுவே. 2014-இல் டெபியன் 7-இலிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல், திருத்தம் பெற்ற பின்னும் 1.0.1-இ என்னும் பழைய எண்ணையே தாங்கிநின்றது. எண்ணை மாற்றாது பழுதை மட்டும் நீக்குதல் அவர்தம் மரபு. பழுது நீங்கியதை எண்ணின் வாலிற் சேர்க்கும் குறிப்பினால் அறியலாம். எண்ணை மட்டும் நோக்கி ஏங்குவோர் இதனை உணர்தல் வேண்டும்.

இனி, பொதியை நிறுவிவிட்டு அதன்பின் திரும்பியும் பாராதவர், மூல நிரலை ஆக்கிவிட்டு மறந்தவரினும் எவ்வகையிலும் உயர்ந்தவரல்லர். ஒவ்வொரு டெபியன் பதிப்புக்கும் ஏறத்தாழ மூன்றாண்டு முழுக் காவலும், அதன்மேல் ஈராண்டு நீள்காவலும் உண்டு. அதற்குப்பின் அதுவும் பாழ்மனையே. 2013-இல் டாக்கர் தோன்றியபின், வழங்கியையும் அதன் துணைகளையும் ஒரே பெட்டகமாக்கி வைக்கும் வழக்கமும் பரவியுள்ளது. அது வசதி மிக்கதே. எனினும், பெட்டகத்துள் இருக்கும் பழைய தொகுதி வெளியிலுள்ள திருத்தத்தை அறியாது. முன்னே கூறிய நிறுவனத்தின் கதை புதிய ஆடை உடுத்து வருவதற்கு அங்கும் இடமுண்டு.

மேலே கூறியவற்றிலிருந்து நாம் கைக்கொண்டுள்ள நெறி மூன்று. முதலாவது, கற்பதற்கு மூல நிரல். ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையேனும் அப்பாச்சியையோ என்ஜின்எக்ஸையோ பயிற்சிக் கணினியில் முதலிலிருந்து ஆக்கிப் பார்த்தல் வேண்டும். கெட்டாலும் எவர்க்கும் கேடில்லாத கணினி அதற்கு உரியது. இரண்டாவது, பிறர்க்குப் பயன்படும் வழங்கிக்குப் பொதி. பிறர் தம் பெயரையும் மறையையும் நம்பி வைக்கும் இடம் நம் திறமையைக் காட்டும் அரங்கமன்று. மூன்றாவது, மூல நிரலின்றி முடியாத இடம் வருமாயின், ஆக்கியதை அவ்வாறே தெளித்துவிடாது, அதனையும் ஒரு பொதியாகக் கட்டி நிறுவுதல். டெபியன் தன் பொதிகளின் மூலக்கட்டுகளையும் பொதுவில் வைத்திருத்தலால், அவற்றை எடுத்து வேண்டிய மாறுதலைச் செய்து மறுபடி பொதியாக்குதல் அரிதன்று. அப்போது எந்தக் கோப்பு எதற்குரியது என்பதைக் கணினி அறியும். நீக்கவேண்டிய நாளில் சுவடின்றி நீக்கவும் இயலும். ஆயினும், அம்மென்பொருளின் திருத்த அறிவிப்புகளைப் படித்து வரும் கடமை அன்றுமுதல் ஆக்கியவரைச் சேர்ந்தது.

இம்மூன்றனோடு ஒரு சிறு வழக்கமும் உண்டு. வழங்கி ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். இன்ன நாள், இன்ன மென்பொருள், இன்ன இடத்திலிருந்து, இன்ன தெரிவுகளோடு, இன்ன காரணம்பற்றி நிறுவப்பட்டது; நிறுவினவர் இன்னார்; அவர்க்குப்பின் பொறுப்பேற்றவர் இன்னார் என அதில் எழுதப்பெறும். கணினிக்கூடத்தில் தாளில் எழுதுவதா என நகைக்கும் இளைஞர் உளர். மின்னின்றிக் கணினி திறவாத நாளிலும் ஏடு திறக்கும் என்பதே அவர்க்கு நம் விடை.

மாணவ நண்பர்களே! நீங்கள் இக்கல்லூரியை விட்டுச் சென்றபின், பல இடங்களில் பல பொருள்களை ஆக்கும் வாய்ப்பினைப் பெறுவீர்கள். பெறவும் வேண்டும் என்பதே நம் வேட்கை. ஆக்குகிற அன்றே, “நாளை நாம் இல்லாதபோது இதனை யார் காப்பார்? காப்பவர்க்கு நாம் எதனை விட்டுச் செல்கின்றோம்?” என உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாவிற்கு விடை எழுதிய பின்னரே வழங்கியின் கதவைப் பிறர்க்குத் திறந்துவிடுங்கள். உங்கள் முகமறியாத எவரோ ஒருவர், நள்ளிரவில் அக்கணினியின் முன் அமர்ந்து அக்குறிப்பேட்டைப் புரட்டும்போது, அதிலுள்ள உங்கள் கையெழுத்தே அவர்க்குத் துணையாய் நிற்கும்.